ஒரு பாபின் நிறையும் வரை

1

முதலில் வாக்குமூலம். இந்தக் கதை என் கற்பனையில் பிறந்தது அல்ல. என் அண்ணன் மகளுக்கு வந்த ஒரு மின்னஞ்சலிலிருந்து திருடியது. திருட்டுக்கு அவள் உடனே சம்மதித்துவிட்டாள். அவளுடைய அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். (இருபத்தெட்டு வருடமாக வாரப் பத்திரிகைகளுக்குத் திகில் தொடர் எழுதுகிறேன். எதையும் பின்னால் சொல்வதுதான் என் பிழைப்பு.)

பழக்க தோஷத்தில் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

அந்த உறையைப் பிரித்தபோது அவள் விரல்கள் நடுங்கின. உள்ளே இருந்த தாளில் மூன்றே மூன்று

நிறுத்திவிட்டேன். உறையே கிடையாது, வந்தது மின்னஞ்சல். விரலும் நடுங்கவில்லை, அதில் பிரஷ் இருந்தது. வாயில் பற்பசை நுரையோடு மாடிப்படி ஏறி வந்து, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இரண்டாவது ஆரம்பம்:

மழை. தையல் மிஷின் கடை. பழுதான மிஷின்களுக்கு நடுவே ஒரு பிணம்

பிணம் இல்லை. மழையும் இல்லை. கடை மட்டும் நிஜம்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் நாலே பேர்.

கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த மாதிரி, தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை. என் அண்ணன் ஆரம்பித்தது. அவர் போய்ப் பதினாலு வருடமாகிறது. இப்போது அவருடைய மகன் நடத்துகிறான். இருபத்தொன்பது வயது. எந்த மிஷினையும் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டு, சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். அவனைத் தெருவே மெக்கானிக் என்று கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

மெக்கானிக்குக் கொஞ்சம் திக்கும். சின்ன வயதிலிருந்தே.

அதனால் கடையின் முன்பக்கம், அதாவது வாடிக்கையாளர், போன், பேரம், சண்டை, சமாதானம் எல்லாம் அவன் தங்கையின் இலாகா. அவன் வாயைத் திறந்தால் போதும், மிச்சத்தை இவள் சொல்லிவிடுவாள். "அண்ணன் சார்பா ஆஜராகுறேன்" என்று பத்து வயதில் ஒருமுறை சொல்லப்போய், வீட்டில் அவள் பெயரே வக்கீல் ஆகிவிட்டது. ஆனால் படித்தது சட்டம் இல்லை. அழுக்குத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் படிப்பு. அதையே இன்னும் இரண்டு வருடம் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்றாவது ஆள் அவர்களுடைய அம்மா, என் அண்ணி. நாலாவது நான். மாடியில் இருக்கிறேன்.

அங்கே அவள் தங்கப்போகும் மாணவர் விடுதியிலிருந்து வந்த மின்னஞ்சல் சொன்னது இதுதான்: புறப்படும் முன் உன்னிடம் நீ மாற்றிக்கொள்ள விரும்பும் மூன்று விஷயங்களை எழுது. அவற்றில் ஒன்றைப் புறப்படுவதற்குள் செய்துகாட்டு. தினமும் உன்னோடு இருக்கும் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. அது வந்த பிறகே விடுதியில் அறை.

"மாத்திக்கிறதா? என்கிட்ட மாத்துறதுக்கு என்ன இருக்கு அத்தே?" என்றாள், நுரையோடு.

3

அவளே எழுதிய பட்டியல்:

ஒன்று, காலை ஐந்து மணிக்கு எழுவேன். இரண்டு, சமைக்கக் கற்றுக்கொள்வேன். மூன்று, என் பயங்களை வெல்வேன்.

"இதெல்லாம் டைரி வாங்கினா முதல் பக்கத்துல இலவசமா வர்ற சமாச்சாரம்டி," என்றேன்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. எழுத்தாளர்னு சும்மா பேருக்கா சொல்லிக்கிறீங்க?"

ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினேன். வெட்கத்தோடு இங்கே சேர்க்கிறேன்:

ஒன்று, தனிமை என்னும் இருட்டறைக்குள் தன்னந்தனியாக நுழைவேன். இரண்டு, என் நிழலையே நான் சந்தேகிப்பேன். மூன்று, ஒருநாள் கண்ணாடியில் தெரியப்போகும் அந்த முகம்

கடைசியை வேண்டுமென்றேதான் அறுத்துவிட்டேன். அத்தியாயத்தை அப்படி முடித்தால்தானே அடுத்த வாரமும் வாங்குவார்கள்?

வக்கீல் படித்துவிட்டு, "இதை அனுப்பினா அறை தர மாட்டாங்க, ஆஸ்பத்திரிலதான் சேர்ப்பாங்க," என்றாள். தன் பட்டியலையே எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கக் கீழே போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

4

(இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதினேன். முதல் வரைவில் மெக்கானிக் பேசும் இடமெல்லாம் எழுத்தை உடைத்து உடைத்து, நடுவில் புள்ளி வைத்து எழுதியிருந்தேன். அவன் படித்தான். "அத்தே, இது நான் பேசுற மாதிரி இல்ல. மிஷின் நூலைக் கடிக்கிற மாதிரி இருக்கு," என்றான். எல்லாப் புள்ளிகளையும் பொறுக்கி எடுத்துவிட்டேன். இனி அவன் பேசும் ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் கொஞ்சம் காத்திருந்தோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் அது தெரியாது.)

மெக்கானிக் ஒரு பழைய மிஷினைக் குப்புறக் கவிழ்த்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கிப் படித்தான். பேனாவை எடுக்கவில்லை.

"மூணாவது சரியில்ல," என்றான்.

"ஏன்? பயத்தை வெல்றது நல்லதுதானே?"

"வேற ஒண்ணு போடணும். நான் சொல்றேன். நீ"

"சமையலை மூணாவதாப் போடச் சொல்றியா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "நீ"

"தனியாத் தூங்கப் பழகணும், அதானே? அம்மாகூடப் படுக்கிறதைத்தானே சொல்ல வர்றே?"

"இல்ல. நீ"

"தெரிஞ்சுபோச்சு. கோபத்தைக் குறைக்கணும். எனக்கு எங்கடா கோபம் வருது?"

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். துணியில் கையைத் துடைத்தான். அவளையே பார்த்தான். 

"இதுதான்," என்றான்.

"எதுதான்?"

"இப்ப செஞ்சியே. அதுதான் மூணாவது."

என் முப்பத்தாறு தொடர்களில் எத்தனையோ பேரைக் கத்தியால், விஷத்தால், தலையணையால் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். ஒரு சொல்லில் ஒரு முகம் அப்படி வெளுத்ததை எழுதியதில்லை.

வக்கீல் சும்மா விடுவாளா? "உனக்கு உதவிதானே பண்றேன்! நீ சொல்ல வர்றதைத்தானே நான் சொல்றேன்!"

"பாதி நேரம் இல்ல."

"ஆதாரம்?"

"டீ," என்றான்.

5

டீ விஷயம் இது.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அண்ணி டீ போட்டுக்கொண்டே அவனுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டாள். அவன், "சர்க்கரை இல்லாம" என்று ஆரம்பித்தான். தங்கை அடுத்த அறையிலிருந்தே கத்தினாள்: "அம்மா, அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாம!"

"நான் சொல்ல வந்தது, சர்க்கரை இல்லாம என்னால குடிக்க முடியாதுன்னு," என்றான் மெக்கானிக், இப்போது.

உள்ளேயிருந்து அண்ணி வந்துவிட்டாள். "பதினோரு வருஷமாவா? வாயில என்ன வச்சிருந்தே? திருத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"திருத்தணும்னா இன்னொரு தடவை ஆரம்பிக்கணும். அதையும் இவதான் முடிப்பா. அதுக்கு அந்த டீயையே குடிச்சிடலாம்."

"அப்போ சர்க்கரை டப்பா அடிக்கடி காலியாகுறது?"

"நான்தான். அப்பப்ப ஒரு ஸ்பூன். தனியா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும் வந்தது. வக்கீலுக்கு வரவில்லை. "வேற?" என்றாள்.

மூக்குக்கண்ணாடி. கறுப்பு ஃப்ரேம் கேட்கப் போனவனுக்குப் பழுப்பு வாங்கிக்கொடுத்தது அவள்தான். நாலு வருடமாக அது அவன் மூக்கில்தான் இருக்கிறது.

"வேற?"

மெக்கானிக் கவிழ்த்த மிஷினை நிமிர்த்தினான். வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பேச ஆரம்பித்தான்.

"வாத்தியார் வந்தாரே."

(அண்ணியின் சிரிப்பு நின்றது. விஷயம் தெரிந்தவள். எனக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவன் தொழிற்கல்வி முடித்த வருடம் அவனுடைய ஆசிரியர் கடைக்கு வந்தார். வெளியூரில் ஒரு கல்லூரியில் இடம் இருக்கிறது, இயந்திரப் படிப்பு, நான் எழுதித் தருகிறேன், மேலே படிக்கிறாயா என்று கேட்டார். அவனுக்குப் பதினெட்டு. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பன்னிரண்டு. அவன், "எனக்கு இந்தக் கடைய" என்று ஆரம்பித்தான். "விட மனசில்லன்னு சொல்றான் சார்," என்று அவள் முடித்தாள். ஆசிரியர் அவன் தோளில் தட்டி, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்.)

"நீ அதைத்தானே சொல்ல வந்தே?" வக்கீலின் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "அண்ணா, அதைத்தானே?"

மெக்கானிக் மிஷின் தலையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அதை நான் இன்னும் சொல்லி முடிக்கல," என்றான்.

6

அன்று சாயங்காலமே பட்டியல் மாறியது. மூன்று: என் அண்ணன் பேசும்போது அவன் வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். புறப்படுவதற்குள் செய்துகாட்டப்போவதும் இதையே.

எழுத ஒரு நிமிஷம். செய்வது வேறு கதை. முதல் நாள் ஆறு தடவை தோற்றாள். இரண்டாம் நாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாடிக்கையாளர் ஒருவர், "பல்வலியாம்மா?" என்று கேட்டார். அண்ணி என்னிடம் வந்து, "இவ வாயே திறக்க மாட்டேங்கிறா. வீடே பூட்டின மாதிரி இருக்கு. உன் கதையில எவனையாவது கொன்னு இதுக்கு ஒரு முடிவு கட்டேன்," என்றாள்.

மூன்றாம் நாள் வழி கிடைத்தது. அவளாகவே கண்டுபிடித்தது. கடையில் ரிப்பேரான மிஷினைக் கொடுக்கும் முன், பாபினில் நூல் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். பாபின் என்றால் மிஷினுக்கு அடியில் போடும் விரல்நுனி அளவு உருளை. அண்ணன் பேச ஆரம்பித்ததும் இவள் ஒரு காலி பாபினைச் செருகி, கைச்சக்கரத்தைச் சுற்ற ஆரம்பிப்பாள். கண் நூலில். வாய் மூடி. அவன் முடித்ததும் சக்கரத்தை நிறுத்துவாள்.

அன்று மாலை மாடிக்கு வந்தாள். உள்ளங்கையைத் திறந்து ஏழெட்டுப் பாபின்களைக் காட்டினாள். சிவப்பு, நீலம், மிச்சம் மீதி நூல்கள். எதுவும் நிறைந்திருக்கவில்லை. பாதி, முக்கால், சில கால்.

"பாருங்க அத்தே. ஒண்ணுகூட ரொம்பல."

"அதனால என்ன?"

"ஒரு பாபின் ரொம்புறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுக்குள்ள அவன் எதையும் சொல்லி முடிச்சிடறான். நான் என்னமோ மணிக்கணக்கா நிக்கிறான்னு நினைச்சுக்கிட்டு..."

(இந்த மூன்று புள்ளிகள் அவளுடையவை. அவள்தான் நிறுத்தினாள். நான் முடித்து வைக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு இது முதல் முறை.)

7

சோதனை வியாழக்கிழமை வந்தது.

ஊர் எல்லையில் ஓர் உடுப்புத் தொழிற்கூடம். நாற்பது மிஷின். அவற்றை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் பண்ணுவதாக மேற்பார்வையாளர் அம்மா சொல்லியிருந்தார். வக்கீல் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். அதற்குப் பிறகு அந்தப் போனை யார் எடுப்பது? மெக்கானிக் இத்தனை வருடத்தில் ஒருதடவைகூட எடுத்ததில்லை. இது கிடைத்தால் அவன் தனியாகக் கடையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். கிடைக்காவிட்டால் தெருத் தையல்காரர்களை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும்.

"நான் எடுக்கிறேன்," என்றான் அவன், புதன்கிழமையே.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

அ: போன் அடிக்கிறது. அவன் தடுமாறுகிறான். தங்கை தாங்காமல் போனைப் பிடுங்கிப் பேசி வேலையை வாங்கித்தருகிறாள். அண்ணன் கண்ணீரோடு

(கண்ணீர் கிடையாது. பிடுங்கினால் அவன் திரும்ப அந்தப் போனைத் தொடவே மாட்டான்.)

ஆ: போன் அடிக்கிறது. அவன் வாயைத் திறக்கிறான். ஆச்சரியம்! அருவி மாதிரி

(இதை அவனிடம் காட்டினேன். "அத்தே, இது யாரு?" என்று கேட்டான்.)

இ: போன் அடிக்கவே இல்லை.

(பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

பதினொன்றே காலுக்கு அடித்தது. வக்கீலின் கை தானாகப் போனை நோக்கிப் போனது. பாதி வழியில் அவளே அதைப் பார்த்தாள். திருப்பிக் கொண்டுவந்து கைச்சக்கரத்தின் மேல் வைத்தாள். மெக்கானிக் எடுத்தான்.

வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. சக்கரம் சுற்றியது. எதிர்முனையில் குரல்: "ஹலோ? ஹலோ? யாருங்க?" சக்கரம் சுற்றியது. "ஹலோ? லைன் சரியில்லையா?" வக்கீலின் உதடு பிரிந்தது. சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அதை நான் கண்ணால் பார்த்தேன். பல்லால் உதட்டைக் கடித்தாள். சக்கரம் சுற்றியது.

டொக். எதிர்முனையில் வைத்துவிட்டார்கள்.

அவள் கண் நிறைந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தாள். பார்வை, நான் பேசட்டுமா என்று கெஞ்சியது. வாய் கேட்கவில்லை.

மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். அவனே அந்த எண்ணை அழுத்தினான். எடுத்ததும் சொன்னான்:

"மிஷின் கடைலேர்ந்து பேசுறேங்க. எனக்குக் கொஞ்சம் திக்கும். நேரமாகும். போனை வச்சிடாதீங்க."

அந்த நாலு வாக்கியங்களுக்கு ஒரு பாபின் முழுசாக நிறைந்தது. அவள் கவனிக்கவில்லை. நூல் வழிந்து, விளிம்பைத் தாண்டி, அச்சில் சுற்றிச் சிக்கிக்கொண்டது. அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தாள். எதிர்முனையில் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது மட்டும் கேட்டது.

"மோட்டார்ல கோளாறு இல்லைங்க. நீங்க போடுற எண்ணெய்தான் தப்பு."

பிறகு:

"இல்ல, மாத்த வேணாம். நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

பிறகு நீளமாக ஒரு இடைவெளி. பிறகு:

"திங்கக்கிழமை. ஒம்பது மணி. சரிங்க."

போனை வைத்தான். வேலை கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும், பிறகுதான் அவர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் திங்கட்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள். அதை அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

"வச்சிட்டேன். இப்ப நீ பேசலாம்," என்றான்.

"பாபின் சிக்கிடுச்சு," என்றாள் வக்கீல். அழுகையும் சிரிப்பும் கலந்து, அவளுக்கு வந்தது அந்த இரண்டு சொல்தான்.

8

கையெழுத்துப் போட்டான். சாட்சி என்ற இடத்தில், எண்ணெய் ரேகையோடு. அண்ணி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். அவன் டம்ளரில் ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான்.

"என்னடா?"

"ரொம்ப இனிக்குது," என்றான். "பழக்கம் விட்டுப்போச்சு."

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முத்திரை குத்தி அனுப்புகிற மாதிரி அம்சமான இடம். ஆனால் நிபந்தனையைச் சொல்வதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் போட்ட நிபந்தனை இது: "என்னைப் பத்தி எழுதிக்கோங்க அத்தே. ஆனா நான் சொன்னதை மட்டும் எழுதுங்க. நான் சொல்லாததை முடிச்சு வைக்காதீங்க."

அதனால்தான் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை படிவம் போய்விட்டது. சனிக்கிழமை மத்தியானம். கடையில் கூட்டமில்லை. வக்கீலின் பெட்டி கல்லாமேசை ஓரத்தில் நின்றது, கைப்பிடியில் அவள் கட்டிய சிவப்பு நூலோடு. பத்து நாளாக அவள் மனசில் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தெரியும். கேட்டால் அதுவும் ஒரு விதத்தில் அவன் வாயைப் பிடுங்குவது என்று விட்டுவிட்டாள். உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள், அந்த வியாழக்கிழமைப் பாபினை.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு வாத்தியார் கேட்டாருல்ல," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்கு இந்தக் கடைய"

நின்றான். தெருவைப் பார்த்தான். உதடு அடுத்த சொல்லுக்காகக் குவிந்தது.

என் தலைக்குள் நாலு முடிவுகள் வரிசையில் வந்து நின்றன. தொழில் அப்படி. ஒன்று அவளை நிம்மதியாக விமானத்தில் ஏற்றும். ஒன்று அவளைப் பெட்டியைத் திரும்பப் பிரிக்க வைக்கும். மற்ற இரண்டும் எனக்கே பயமாக இருந்தன. நாலையும் எழுதிப் பார்த்தேன், நாலையும் அடித்துவிட்டேன். அவன் முடித்தானா? முடித்தான். நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அது அவளுக்கு வந்த பதில்.

உங்களுக்கும் இந்நேரம் ஒரு முடிவு தோன்றியிருக்கும். அதைக் கொஞ்சம் வாய்க்குள்ளேயே வைத்திருங்கள்.

அவன் உதடு இன்னும் குவிந்தே இருந்தபோது, வக்கீல் ஒரு காலி பாபினை எடுத்தாள். செருகினாள். நூல் நுனியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கைச்சக்கரத்தை மெல்லத் திருப்ப ஆரம்பித்தாள்.